மின்னிதழ்கள் வந்த பிறகு: நூலகத்திலும் ஆய்வாளர் மேசையிலும் என்ன மாறியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்வி நூலகம் ஒன்றின் ஆய்விதழ்ப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். தபாலில் வந்துகொண்டிருந்த இதழ்கள் ஒவ்வொன்றாகத் திரைக்குப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். மாணவர்களும் பேராசிரியர்களும், சில நேரம் சந்தா பில்லில் கையெழுத்துப் போட வேண்டியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். என் மனதில் அதிகம் ஓடிக்கொண்டிருப்பவை அவைதான்.

மின்னிதழ் என்று எதைச் சொல்கிறோம்?

ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடும் இதழ் கணினியிலோ கைபேசியிலோ படிக்கக் கிடைத்தால் அது மின்னிதழ். அச்சிலும் இணையத்திலும் சேர்ந்து வருபவை உண்டு. இணையத்தில் மட்டுமே பிறந்தவை உண்டு. பழைய அச்சு இதழை ஸ்கேன் செய்து ஏற்றியதும் அந்தக் கணக்கில்தான் வரும். லண்டனில் 1665இல் தொடங்கிய 'ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்' இன்றும் வெளிவருகிறது; அதன் முதல் தொகுதியையும் இன்று திரையில் புரட்டலாம். படிப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். நூலகத்துக்கு அப்படியில்லை. யாருக்குச் சொந்தம், யார் பாதுகாப்பது என்ற கேள்வி மூன்றிலும் வேறு வேறு.

இந்த மாற்றம் எப்போது தொடங்கியது?

ஒரே நாளில் நடந்ததில்லை. 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர், லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்தபடி, கட்டுரைகளை அச்சுக்குப் போகும் முன்பே பகிர்ந்துகொள்ள ஓர் ஏற்பாடு செய்தார். அதுதான் இன்றைய ஆர்க்கைவ். 1993இல் பிடிஎஃப் வந்தது. 1995இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் ஹைவயர் என்ற அமைப்பைத் தொடங்கி, உயிர்வேதியியலின் பெரிய இதழ் ஒன்றை இணையத்தில் ஏற்றியது. பழைய இதழ்களின் மின் சேமிப்பகமான ஜேஸ்டோரும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான். அதன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். மெலன் அறக்கட்டளையின் தலைவராக இருந்த வில்லியம் போவன், ஒரு கல்லூரி நூலகத்தில் பழைய இதழ்களை வைக்க இடமில்லாமல் திண்டாடுவதைப் பார்த்தார். ஒவ்வொரு நூலகமும் அதே தொகுதிகளுக்காக அலமாரி கட்டுவதற்குப் பதில், ஒரு முறை ஸ்கேன் செய்து எல்லோரும் பகிர்ந்தால் என்ன என்று யோசித்தார். அலமாரியில் இடம் போதாத பிரச்சினையில் முளைத்ததுதான் அந்த மாபெரும் சேமிப்பகம்.

ஆனால் என்னைக் கேட்டால், உண்மையான திருப்பம் 2000இல் பதிப்பகங்கள் சேர்ந்து அமைத்த கிராஸ்ரெஃப் என்ற அமைப்பு உருவானபோதுதான் வந்தது. டிஓஐ என்ற நிலையான எண்ணைக் கொண்டு ஒரு பதிப்பகத்தின் கட்டுரையிலிருந்து இன்னொரு பதிப்பகத்தின் கட்டுரைக்கு நேராகப் போக வழி பிறந்தது. அதற்கு முன் ஒரு மேற்கோளைப் பின்தொடர்வது என்றால் எப்படி இருக்கும் தெரியுமா? இதழின் பெயர், தொகுதி எண், பக்க எண் எல்லாவற்றையும் சீட்டில் குறித்துக்கொண்டு, அட்டவணையில் பார்த்து, மாடி ஏறிப் போனால், அந்தத் தொகுதி மட்டும் பைண்டிங்குக்குப் போயிருக்கும். இப்போது ஒரு கிளிக்.

நூலகத்துக்குள் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் என்ன?

முதலில் காணாமல் போனது ஓர் ஒலி. மாதக் கடைசியில் தபால் பையைக் கொட்டினால் இதழ்கள் மேசையில் சரியும். ஒவ்வொன்றின் உறையையும் கிழித்து, முத்திரை குத்தி, அந்த இதழுக்கான கார்டெக்ஸ் அட்டையில் மாதத்துக்கு நேரே ஒரு டிக் போடுவோம். டிக் விழாத கட்டம்தான் எங்களுக்குத் தலைவலி. மார்ச் இதழ் வந்து, பிப்ரவரி இதழ் வரவில்லை என்றால் முகவருக்கு நினைவூட்டல் கடிதம் போக வேண்டும். தாமதித்தால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பதில் வரும். பிறகு அந்த வருடத் தொகுதியை ஓர் இதழ் குறையோடுதான் பைண்ட் செய்ய வேண்டியிருக்கும். முதுகில் தங்க எழுத்து பொறித்த, கனமான அந்தத் தொகுதியைப் பிரித்தால், நடுவில் 'இதழ் 2 கிடைக்கவில்லை' என்ற ஒரு தாள் இருக்கும்.

அந்த வேலைகள் அநேகமாகப் போய்விட்டன. ரேக்குகள் நின்ற இடத்தில் மாணவர்கள் உட்கார்ந்து படிக்கும் மேசைகள் வந்திருக்கின்றன. பைண்டிங் செலவு சுருங்கிவிட்டது. எங்கள் நேரம் இப்போது உரிம ஒப்பந்தங்களைப் படிப்பதிலும், திறக்காத இணைப்புகளைத் துரத்துவதிலும், எந்த இதழ் எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற கணக்கைப் பார்ப்பதிலும் போகிறது. கவுன்டர் என்ற பொது விதிமுறை வந்த பிறகு பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கை ஒரே மாதிரி தருகின்றன. சந்தாத் தொகையை அந்த எண்ணிக்கையால் வகுத்து, ஒரு வாசிப்புக்கு எவ்வளவு செலவு என்று சொல்லிவிடலாம். இந்த எண் பயனுள்ளதுதான். ஆனால் அதை மட்டும் வைத்துச் சந்தாவை வெட்டினால், மூன்று பேர் மட்டுமே படிக்கும் சின்னத் துறையின் ஒரே இதழ்தான் முதலில் பலியாகும். இந்தக் கணக்கைப் பார்த்து முடிவெடுப்பவர்கள், அந்த மூன்று பேரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று விடாமல் சொல்லி வருகிறேன்.

அச்சும் தபாலும் இல்லையே, விலை குறைந்திருக்க வேண்டுமே?

எல்லோரும் எதிர்பார்த்தது அதைத்தான். நடந்தது வேறு. இதழ்களின் விலை 1980களிலேயே ஏறத் தொடங்கிவிட்டது. இணையம் வந்ததும் பெரிய பதிப்பகங்கள் தங்கள் நூற்றுக்கணக்கான இதழ்களை ஒரே மூட்டையாகக் கட்டி, மொத்தமாக எடுத்தால் மலிவு என்று விற்றன. முதல் சில வருடங்கள் இது லாபமாகத்தான் தெரிந்தது. சின்ன நூலகங்களுக்குக்கூடக் கனவில் காணாத இதழ்கள் கிடைத்தன. சிக்கல் அப்புறம்தான் புரிந்தது. மூட்டையிலிருந்து ஓர் இதழை மட்டும் கழற்ற முடியாது. வருடா வருடம் விலை ஏறும். அதைக் கட்டுவதற்காகப் புத்தகம் வாங்கும் பணத்தில் கைவைக்க வேண்டியிருக்கும்.

மற்ற வணிகத்தில் ஒன்று பிடிக்கவில்லை என்றால் அதே போன்ற இன்னொன்றை வாங்கலாம். ஆய்விதழில் அது நடக்காது. எனக்கு வேண்டிய கட்டுரை அந்த ஓர் இதழில்தான் இருக்கிறது. எழுதியவரும் மதிப்பீடு செய்தவரும் பெரும்பாலும் பதிப்பகத்திடம் சம்பளம் வாங்காத ஆய்வாளர்கள். அதே ஆய்வாளர்களின் நூலகம்தான் அதைப் பணம் கொடுத்து வாங்குகிறது.

2012இல் ஹார்வர்டின் நூலகக் குழுவே, ஆய்விதழ்ச் செலவு வருடத்துக்கு 37.5 லட்சம் டாலரை நெருங்குகிறது, சில இதழ்களின் சந்தா 40,000 டாலர் வரை போகிறது, இது தாங்காது என்று தன் ஆசிரியர்களுக்கு எழுதியது. உலகின் பணக்காரப் பல்கலைக்கழகங்களில் ஒன்றின் நிலையே அது. அதே வருடம் கணிதவியலாளர் டிமத்தி கவர்ஸ் முன்னெடுக்க, எல்சவியர் பதிப்பகத்தின் இதழ்களைப் புறக்கணிப்பதாக ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2019இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அதே பதிப்பகத்துடனான பேச்சுவார்த்தையிலிருந்து எழுந்து போனது. இரண்டு வருடம் கழித்து, 2021இல், படிப்பதற்கும் வெளியிடுவதற்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டோடு திரும்பி வந்தது. ஜெர்மனியில் பல்கலைக்கழகங்கள் ஒன்றாகச் சேர்ந்து பேரம் பேசி, 2019இல் வைலி பதிப்பகத்துடனும் 2020இல் ஸ்பிரிங்கர் நேச்சருடனும் 2023இல் எல்சவியருடனும் உடன்பாடு கண்டன. தனித்தனியாகப் போய் நின்றால் பேரம் பேச வலு கிடையாது. இதை நூலகங்கள் கற்றுக்கொள்ள இருபது வருடமாயிற்று.

சந்தாவை நிறுத்தினால், ஏற்கெனவே பணம் கட்டிய வருடங்களின் இதழ்கள் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷம். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

அச்சு இதழ் வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. சந்தாவை நிறுத்தினாலும் ரேக்கில் இருப்பதை யாரும் வந்து எடுத்துப் போக மாட்டார்கள். மின்னிதழில் நாம் வாங்குவது பெரும்பாலும் பதிப்பகத்தின் சர்வரில் இருப்பதைப் பார்க்கும் அனுமதி மட்டுமே. சொந்த வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் உள்ள வித்தியாசம். ஒப்பந்தத்தில் 'நிரந்தர அணுகல் உரிமை' என்ற பிரிவு இருந்தால், பணம் கட்டிய வருடங்களின் இதழ்கள் நமக்குத் தொடர்ந்து கிடைக்கும். அது இல்லாவிட்டால் ஜனவரி முதல் தேதி கதவு மூடிவிடும். ஆகவே விலையைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பிரிவைத் தேடிப் படியுங்கள். தரவுத்தளத் தொகுப்புகளில் பலவற்றில் அது இருக்காது.

சரி, பதிப்பகமே இதழை நிறுத்திவிட்டால்? இதற்காகத்தான் ஸ்டான்ஃபோர்டில் லாக்ஸ் என்ற திட்டம் வந்தது. நிறையப் பிரதிகள் நிறைய இடத்தில் இருந்தால் எதுவும் தொலையாது என்பதே அதன் அடிப்படை. பல நூலகங்களின் கணினிகளில் ஒரே இதழின் பிரதிகள் இருக்கும். அவை தமக்குள் ஒப்பிட்டு, ஒன்றில் பழுது வந்தால் மற்றதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். அதன் வழியில் வந்த கிளாக்ஸ், 2005இல் தொடங்கிய போர்ட்டிகோ ஆகிய மின் காப்பகங்கள், பதிப்பகம் கைவிட்ட இதழ்களைத் திறந்துவிடுகின்றன. உறுப்பு மாற்று சிகிச்சை பற்றிய 'கிராஃப்ட்' என்ற இதழ் நின்றுபோன பிறகும் இன்று படிக்கக் கிடைப்பது இப்படித்தான்.

எல்லா இதழ்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2000 முதல் 2019 வரை 170க்கும் மேற்பட்ட இலவச இணைய இதழ்கள் சுவடே இல்லாமல் மறைந்துவிட்டதாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. பெரும்பாலும் சின்னச் சங்கங்களும் துறைகளும் நடத்தியவை. சர்வருக்குப் பணம் கட்ட ஆளில்லை, அல்லது நடத்தியவர் ஓய்வுபெற்றார்; அவ்வளவுதான். அந்தக் கட்டுரைகளை எழுத யாரோ சில வருடங்கள் உழைத்திருப்பார்கள்.

ஆய்வாளர்கள் இப்போது அதிகமாகப் படிக்கிறார்களா, குறைவாகவா?

அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் கேரல் டெனோபிரும் டொனால்ட் கிங்கும் பல பத்தாண்டுகளாக எடுத்துவந்த கணக்கெடுப்புகள்தான் இதற்கு நம்மிடம் உள்ள நல்ல சான்று. 1977இல் ஒருவர் வருடத்துக்குச் சுமார் 150 கட்டுரைகள் படித்தார். 2005இல் அது சுமார் 280 ஆனது. 2012இல் சுமார் 264. அதாவது ஏற்றம் நின்றுவிட்டது. ஒரு கட்டுரைக்குச் செலவான நேரம் அதே காலத்தில் 48 நிமிடத்திலிருந்து அரை மணிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியது. தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் பார்த்ததை அவர்கள் படித்ததாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு எண்களையும் பெருக்கிப் பார்த்தால் ஒன்று விளங்கும். மொத்தப் படிக்கும் நேரம் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கட்டுரையின் பங்கு குறைந்திருக்கிறது. இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரம்தான். வெளியாகும் கட்டுரைகளோ பெருகிக்கொண்டே போகின்றன.

படிக்கும் விதம் எப்படி மாறியிருக்கிறது?

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆராய்ச்சி மாணவியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். தேடுபொறியில் நான்கு சொற்கள். வந்த பட்டியலில் எட்டுக் கட்டுரைகளை எட்டுத் தாவல்களில் திறக்கிறார். ஒவ்வொன்றிலும் சுருக்கம், பிறகு நேராகப் படங்களும் அட்டவணைகளும். தன் வேதிப்பொருளின் பெயரை உள்ளே தேடி, அது வரும் பத்தியை மட்டும் படிக்கிறார். ஐந்தை மூடிவிடுகிறார். இரண்டைச் சேமிக்கிறார். மீதி ஒன்றை அச்செடுத்துக்கொண்டு, பேனாவோடு போய் உட்காருகிறார். அதை மட்டும் வரிவரியாகப் படிப்பார்.

அச்சுக் காலத்திலும் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை யாரும் படித்ததில்லை. தாவித் தாவிப் பார்ப்பது ஆய்வாளரின் பழைய பழக்கம். இப்போது அந்தத் தாவல் ஒரு கட்டுரைக்குள் நிற்காமல் இருபது கட்டுரைகளுக்கு நடுவே நடக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு மாறிய பிறகும் பிடிஎஃப் அப்படியே இருக்கிறது: அச்சுத் தாளுக்காக வடிவமைத்த இரண்டு நெடுவரிசை அமைப்பு. கைபேசியில் இடது வரிசையின் அடிவரை போய், மறுபடி மேலே ஏறி வலது வரிசைக்கு வர வேண்டும். ஆனாலும் ஆய்வாளர்கள் அதை விடவில்லை. கைக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய, இணையம் இல்லாமலும் திறக்கும், பதிப்பகம் திரும்பக் கேட்க முடியாத ஒரே பிரதி அது.

இதழைப் புரட்டும் பழக்கம் போனதால் இழப்பா?

கொஞ்சம் இழப்புதான். புது இதழ்கள் வைக்கும் தட்டில் ஒரு வேதியியலாளர் தன் இதழை எடுக்கப் போவார். பக்கத்தில் இருக்கும் இன்னோர் இதழின் அட்டை கண்ணில் படும். தேடிப் போகாத ஒன்று கைக்கு வரும். தேடுபொறி கேட்டதைத்தான் தரும்.

2008இல் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற சமூகவியலாளர் மூன்று கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளை அலசி, இதழ்கள் இணையத்துக்கு வர வர மேற்கோள்கள் புதிய கட்டுரைகளையும் குறைந்த எண்ணிக்கையிலான கட்டுரைகளையும் நோக்கிக் குவிகின்றன என்று எழுதினார். எல்லோரும் ஒரே பாதையில் நடந்தால் அந்தப் பாதை மட்டும் அகலமாகும் என்பதுதான் அதன் சாரம். அதை மறுத்து வந்த ஆய்வுகளும் உண்டு. அடுத்த வருடமே வின்சென்ட் லாரிவியரும் அவருடைய சகாக்களும் மேற்கோள்கள் உண்மையில் பரவலாகத்தான் ஆகின்றன என்று காட்டினார்கள். 2014இல் கூகுள் ஸ்காலர் குழு வெளியிட்ட கணக்குப்படி, 2013இல் வந்த மேற்கோள்களில் 36 சதவீதம் குறைந்தது பத்து வருடம் பழைய கட்டுரைகளுக்குப் போனவை. 1990ஐவிட அந்தப் பங்கு கூடியிருந்தது.

என் அனுபவம் இரண்டாவது பக்கம் சாய்கிறது. கீழ்த்தளத்தில் தூசி படிந்து கிடந்த 1950களின் தொகுதிகளைக் கேட்டு வருடத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம். அதே தொகுதிகள் ஸ்கேனில் வந்த பிறகு, அவற்றின் கட்டுரைகளைப் பற்றி மாணவர்கள் என்னிடம் பேசுகிறார்கள்.

அச்சுக்கு முந்தைய கட்டுரைகளை நம்பலாமா?

முன்அச்சு என்பது சக ஆய்வாளர்கள் இன்னும் மதிப்பீடு செய்யாத கட்டுரை. இயற்பியலிலும் கணிதத்திலும் காலையில் ஆர்க்கைவைப் பார்ப்பது பல் துலக்குவது மாதிரி ஆகி முப்பது வருடமாகிறது. உயிரியலுக்கு 2013இலும் மருத்துவத்துக்கு 2019இலும் அதே போன்ற தளங்கள் வந்தன. மறு வருடமே கொரோனா வந்து அவற்றின் அவசியத்தையும் ஆபத்தையும் சேர்த்தே காட்டியது. துறை தெரிந்தவர் தைரியமாகப் படிக்கலாம். மருந்து, சிகிச்சை பற்றியது என்றால் மதிப்பீடு முடிந்த வடிவம் வந்திருக்கிறதா என்று ஒரு முறை தேடிவிடுங்கள்.

'திறந்த அணுகல்' என்றால் எல்லாம் இலவசமா?

படிப்பவருக்கு இலவசம். 2002இல் வெளியான புடாபெஸ்ட் பிரகடனம்தான் இதற்குப் பெயரும் வடிவமும் கொடுத்தது. சில இதழ்களைச் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் தாங்கிக்கொள்கின்றன. எழுதுபவரும் எதுவும் கட்ட வேண்டாம். வேறு பல இதழ்கள் எழுதுபவரிடம் கட்டணம் வாங்குகின்றன. 'நேச்சர்' இதழ் 2021இல் இந்த வழியைத் திறந்தபோது வைத்த கட்டணம் 9,500 யூரோ. படிக்கப் பணம் இல்லாதவர் வெளியே நின்ற காலம் போய், வெளியிடப் பணம் இல்லாதவர் வெளியே நிற்கும் நிலை வந்தால் அது நியாயமாகாது. விலக்குத் தருவார்கள், ஆனால் கேட்டுப் பெற வேண்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இந்தக் கட்டணத்துக்காக மட்டுமே நடக்கும் போலி இதழ்களும் பெருகிவிட்டன. உங்களைப் புகழ்ந்து, மூன்று நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தால், பதில் போடும் முன் உங்கள் நூலகரிடம் காட்டுங்கள்.

வளாகத்தில் திறந்த கட்டுரை, வீட்டில் பணம் கேட்கிறதே?

பதிப்பகம் உங்களை முகத்தால் அறியாது, உங்கள் இணைய இணைப்புக்கு உரிய எண்ணான ஐபி முகவரியால்தான் அறியும். வளாகத்தின் முகவரிக்குக் கதவு திறக்கும். வீட்டிலிருந்து வரும்போது நூலகத்தின் பிராக்ஸி (நீங்கள் வளாகத்திலிருந்து வருவது போலக் காட்டும் இடைநிலை சர்வர்) அல்லது நிறுவன உள்நுழைவு வழியாக வர வேண்டும். அதுவும் இல்லை என்றால், அன்பேவால் என்ற சிறு நீட்சியை உலாவியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டப்படி இலவசமாக எங்காவது பிரதி இருந்தால் காட்டும். கட்டுரையாளருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதலாம்; பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். நூலகங்களுக்கு இடையிலான இரவல் சேவையும் இருக்கிறது. சில பழைய ஒப்பந்தங்கள், மின்கட்டுரையைத் தாளில் அச்செடுத்து, அந்தத் தாளை மறுபடி ஸ்கேன் செய்துதான் அடுத்த நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதித்திருந்தன. அப்படியும் செய்து அனுப்பியிருக்கிறோம்.

சேமித்துவைத்த கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டால் எனக்குத் தெரியுமா?

தானாகத் தெரியாது. தவறு கண்டுபிடிக்கப்பட்டால் பதிப்பகத் தளத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று பெரிதாகப் போடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் இறக்கிவைத்த பிடிஎஃப்பில் அது எப்படி வரும்? பல கட்டுரைகளின் முதல் பக்கத்தில் கிராஸ்மார்க் என்ற சிறு பொத்தான் இருக்கும். அழுத்தினால் இன்றைய நிலை தெரியும். ஸோட்டெரோ மென்பொருளில் மேற்கோள்களைச் சேமித்தால், திரும்பப் பெற்ற கட்டுரைக்கு அதுவே எச்சரிக்கை காட்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் உங்கள் மேற்கோள் பட்டியலை ஒரு முறை இப்படிச் சோதித்துவிடுங்கள்.

எல்லாம் திரையில் இருக்கிறதே, பழைய அச்சுத் தொகுதிகளை எடைக்குப் போட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். எல்லா நூலகமும் எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டியதில்லை என்பது உண்மை. சில நூலகங்கள் தமக்குள் பேசிக்கொண்டு, இந்த இதழை நீங்கள் வையுங்கள், அதை நாங்கள் வைக்கிறோம் என்று பிரித்துக்கொள்வது நல்ல வழி. ஜேஸ்டோர்கூட ஸ்கேன் இருந்தால் போதும் என்று விடாமல், தாள் பிரதிகளைக் காப்பகங்களில் வைக்க ஏற்பாடு செய்தது.

கழிக்கும் முன் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். அந்த இதழ் வேறு எந்த நூலகத்தில் முழுமையாக இருக்கிறது என்று பார்க்கிறோம். நிரந்தர அணுகல் உரிமை இருக்கிறதா என்று ஒப்பந்தத்தைப் பிரிக்கிறோம். பிறகு ரேக்கிலிருந்து ஐந்தாறு தொகுதிகளை உருவி, திரையில் இருப்பதோடு பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப்பார்க்கிறோம். மடித்துவைத்த வரைபடத்தை விரிக்காமலே ஸ்கேன் செய்திருப்பார்கள். வண்ணத்தில் அச்சான திசுப் படம் கறுப்புத் திட்டாக இருக்கும். பின்னிணைப்பு விட்டுப் போயிருக்கும். அப்படி ஒன்று அகப்பட்டால் அந்தத் தொகுதியின் முதுகில் சிவப்பு நூல் கட்டி, மறுபடி ரேக்கிலேயே வைத்துவிடுகிறோம்.